வெளிநாட்டுப் படிப்பும் ஆங்கிலத் தேர்வும்



நம் கடற்கரை ஊர்களில் ‘சபர்’ என்ற சொல்லுக்கு எவரும் விளக்கம் கேட்பதில்லை. பாட்டனார் காலத்தில் சபர் என்றால் கொழும்பும் ரங்கூனும் பினாங்கும். வாப்பாமார் காலத்தில் அது சவூதியாகவும் துபாயாகவும் குவைத்தாகவும் ஆயிற்று. பெட்டியில் கைலியும் ஊறுகாயும் வைத்துக் கட்டி, வாசலில் துஆ ஓதி, தெருமுனை வரை உடன் சென்று வழியனுப்பிய தலைமுறைகள் அவை. பயணம் புறப்பட்டவரிடம் ஆங்கிலம் தெரியுமா என்று அன்று யாரும் கேட்டதில்லை. உழைக்கும் உடலும், கணக்கில் நாணயமும், போய் இறங்கும் ஊரில் ஓர் உறவினரும் இருந்தால் போதும் என்றிருந்தது.

இன்று நம் பிள்ளைகள் வேறொரு சபருக்கு ஆயத்தமாகின்றனர். பட்டம் பெற்றபின் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் மேற்படிப்புக்காகச் செல்ல விரும்புகின்றனர். பெண் பிள்ளைகளும் இவ்வரிசையில் நிற்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இந்தப் பயணத்தின் வாசலில் ஓர் ஆங்கிலத் தேர்வு நிற்கிறது. அதனைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டும்.

நான் ஆங்கில ஆசிரியன் அல்லேன். கல்லூரியில் கலைப் பட்டம் பெற்று, மதரஸாவில் பாடம் நடத்தி வருபவன். ஆயினும் இத்தேர்வைப் பற்றி உங்களுக்கு எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் கூறிய தவறான ஆலோசனையால் என் குடும்பத்துப் பிள்ளை ஒருத்திக்கு ஓராண்டு வீணாயிற்று. அந்தத் தவறு உங்கள் வீட்டில் நிகழக்கூடாது என்பதே என் நோக்கம்.

அரைப் புள்ளியால் போன இடம்

என் தங்கையின் மகள் அறிவியலில் பட்டம் பெற்றவள். பொதுச் சுகாதாரத் துறையில் மேற்படிப்புப் படிக்கப் பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பித்தாள். ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 6.5 பெற வேண்டும், எந்தப் பிரிவிலும் 6க்குக் குறையக் கூடாது என்ற நிபந்தனையுடன் இடம் கிடைத்தது. சவூதியில் பணிபுரியும் மச்சான் வட்டிக்குக் கடன் வாங்க மனமில்லாமல், சேமிப்பையும் தங்கையின் நகைகளில் ஒரு பகுதியையும் இதற்கென ஒதுக்கினார்.

அருகிலிருந்த நகரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் அவள் சேர்ந்தாள். அங்கே ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்தார்கள். சுற்றுச்சூழல், தொலைக்காட்சி, குற்றங்கள், வாகன நெரிசல் என்று 40 தலைப்புகளில் 40 கட்டுரைகள். “இவற்றை மனனம் செய்தால் போதும்” என்றார்களாம். அதனை என்னிடம் காட்டி, “மாமா, இது சரியான வழிதானா?” என்று கேட்டாள்.

நான் என்ன சொல்வேன்? மனனத்தையே தொழிலாகக் கொண்டவன் நான். “தாராளமாகச் செய். நானே கேட்கிறேன்” என்றேன். மதரஸாவில் பிள்ளைகளிடம் சபக் கேட்பதைப் போல, ஒவ்வொரு நாளும் மஃரிபுக்குப் பிறகு அவளிடம் ஒரு கட்டுரை கேட்டேன். அவள் ஒப்பித்தாள். ஒரு சொல் பிசகவில்லை. எனக்குப் பெருமையாகவே இருந்தது.

முடிவு வந்தது. கேட்டல் 7, படித்தல் 6.5, எழுதுதல் 5.5, பேசுதல் 6.5. மொத்தம் 6.5 என்றிருந்ததைக் கண்டு தங்கை அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இனிப்பு அனுப்பிவிட்டாள். இரண்டு நாள் கழித்துத்தான் நிபந்தனையின் இரண்டாம் பகுதி எங்களுக்கு உறைத்தது. எழுதுதல் 6க்கு அரைப் புள்ளி குறைவு. மறு தேர்வு எழுதி முடிவு பெறுவதற்குள் பல்கலைக்கழகத்தின் கெடு முடிந்துவிட்டது. “மாமா, ஒரு சொல்கூட நான் மறக்கவில்லையே!” என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

பதிலைத் தேடித்தான் அதன்பின் இத்தேர்வைப் பற்றிப் படிக்கலானேன். அவ்வாறு படித்தறிந்தவற்றையே கீழே தருகிறேன்.

தேர்வின் அமைப்பு

நம் ஊர்களில் ‘ஐயெல்ட்ஸ்’ என்று வழங்கப்படும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு 1989ஆம் ஆண்டு இப்பெயரில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் கவுன்சில், ஆஸ்திரேலியாவின் ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவு ஆகிய மூன்றும் இணைந்து இதனை உருவாக்கின. 1964ஆம் ஆண்டிலிருந்து நடந்து வரும் அமெரிக்காவின் ‘டோஃபல்’, 2009இல் தொடங்கிய ‘பி.டி.இ.’ ஆகியவையும் இதே நோக்கத்திற்கான தேர்வுகளே. எந்தப் பல்கலைக்கழகம் எதனை ஏற்கிறது என்பதை அதன் இணையத்தளத்தில் நேரடியாகப் பார்த்த பின்னரே பணம் கட்ட வேண்டும். முகவர் வாய்மொழியாகச் சொல்வதை மட்டும் நம்பலாகாது.

ஐயெல்ட்ஸில் இரு வகைகள் உள்ளன. பட்டப் படிப்புக்கும் மேற்படிப்புக்கும் செல்வோர் ‘அகாடமிக்’ வகையை எழுத வேண்டும். மற்றொன்றான ‘ஜெனரல் டிரெய்னிங்’ பெரும்பாலும் வேலைக்கும் குடியேற்றத்திற்கும் உரியது. பிரிட்டன் செல்வோரிடம் சில வேளைகளில் அந்நாட்டு விசா துறைக்கெனத் தனியாக நடத்தப்படும் வகையும் கேட்கப்படுவதுண்டு. வகையை மாற்றிப் பதிவு செய்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் இருக்கின்றனர்.

இத்தேர்வில் வெற்றி, தோல்வி என்பது கிடையாது. 0 முதல் 9 வரையிலான படிகளில் உங்கள் ஆங்கிலம் எந்தப் படியில் நிற்கிறது என்று மட்டுமே சொல்லப்படும். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கு பிரிவுகளின் சராசரியை அருகிலுள்ள அரைப் புள்ளிக்கோ முழுப் புள்ளிக்கோ கொண்டுசென்று மொத்த மதிப்பெண் தருகின்றனர். சராசரி 6.25 வந்தால் 6.5 ஆகும். 6.75 வந்தால் 7 ஆகும். எங்கள் பிள்ளையின் சராசரி 6.375, அது 6.5 ஆயிற்று. மொத்தம் இவ்வாறு உயரக்கூடும். ஆனால் தனிப் பிரிவின் குறை அப்படியே நிற்கும். ஆகவே பல்கலைக்கழகத்தின் கடிதம் வந்தவுடன் மொத்தம் எவ்வளவு, ஒவ்வொரு பிரிவிலும் எவ்வளவு என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். நாங்கள் அதனைச் செய்யத் தவறினோம்.

முடிவு பொதுவாக 2 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆகவே கல்லூரியின் முதலாண்டிலேயே அவசரப்பட்டு எழுதுவதில் பயனில்லை. விண்ணப்பக் கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எழுதுவதும் அறிவுடைமை ஆகாது. தேர்வுக் கட்டணம் நம் நாட்டில் 15,000 ரூபாய்க்கும் மேலாகும். ஒரு சாதாரணக் குடும்பத்திற்கு அது சிறு தொகையன்று. நாடுகள் தம் நிபந்தனைகளை மாற்றிக்கொண்டும் இருக்கின்றன. எடுத்துக்காட்டாக, மாணவர் விசாவுக்கு ஆஸ்திரேலியா கேட்ட குறைந்த அளவு 5.5 ஆக இருந்தது. 2024 மார்ச் மாதத்தில் அது 6 ஆக உயர்த்தப்பட்டது. முன்பு சென்றுவந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அனுபவம் இன்று உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

கேட்டல்

இப்பிரிவில் 40 வினாக்கள். ஒலிப்பதிவு ஏறத்தாழ 30 நிமிடம் ஓடும். முதற்பகுதியில் இருவர் அன்றாட விஷயம் ஒன்றைப் பேசிக்கொள்வர். இரண்டாம் பகுதியில் ஒருவர் பொதுச் செய்தி ஒன்றைச் சொல்வார். மூன்றாம் பகுதி மாணவர்களும் ஆசிரியரும் உரையாடுவதைப் போன்றது. நான்காவது ஒரு கல்லூரி விரிவுரை. போகப் போகக் கடினமாகும். ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் கேட்கலாம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, வட அமெரிக்கா என்று பல நாட்டு உச்சரிப்புகளும் வரும்.

நம் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் மூன்று. முதலாவது, எண்கள். ‘ஃபிஃப்டீன்’ என்பதும் ‘ஃபிஃப்டி’ என்பதும் விரைந்து சொல்லும்போது ஒன்றாகவே காதில் விழும். சொல்லின் எந்த அசை அழுத்தம் பெறுகிறது என்று கவனிக்கப் பழக வேண்டும். இரண்டாவது, திருத்தம். பேசுபவர் “செவ்வாய்க்கிழமை வருகிறேன்” என்பார். அடுத்த மூச்சில் “இல்லை, அன்று வேறு வேலை இருக்கிறது, வியாழனே சரி” என்பார். முதலில் கேட்டதை எழுதிவிட்டுக் காதை மூடிக்கொள்பவர் அங்கே மதிப்பெண்ணை இழக்கிறார். மூன்றாவது, எழுத்துப் பிழை. விடை சரியாக இருந்து எழுத்து தவறினால் மதிப்பெண் இல்லை. தங்குமிடத்தைக் குறிக்கும் ‘அகாமடேஷன்’ என்ற சொல்லில் ‘சி’ இரண்டு, ‘எம்’ இரண்டு. இது போன்ற சொற்களைத் தனிக் குறிப்பேட்டில் எழுதி வைத்துப் பழக வேண்டும். “இரண்டு சொற்களுக்கு மிகாமல் எழுதுக” என்று கேட்டிருந்தால் மூன்று சொற்கள் எழுதுவதும் தவறே.

படித்தல்

60 நிமிடத்தில் மூன்று நீண்ட கட்டுரைகள், 40 வினாக்கள். விடைகளைப் பெயர்த்தெழுதத் தனி நேரம் தரப்படுவதில்லை. ஒரு கட்டுரைக்கு 20 நிமிடம் என்பதை மனத்தில் இருத்தி, விடை கிட்டாத வினாவை விட்டு நகரத் தெரிய வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை. ஆதலால் எந்த வினாவையும் வெற்றிடமாக விடக்கூடாது.

இப்பிரிவில் பலரையும் வீழ்த்தும் வினா வகை ஒன்று உண்டு. ஒரு கூற்றைக் கொடுத்து, கட்டுரையின்படி அது சரியா, தவறா, அல்லது கூறப்படவில்லையா என்று கேட்பார்கள். தவறு என்பதற்கும் கூறப்படவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டில்தான் பிள்ளைகள் வழுக்குகின்றனர். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். “இவ்வூரில் மூன்று பள்ளிக்கூடங்கள் உள்ளன, அவற்றுள் பழையது கடற்கரைத் தெருவில் இருக்கிறது” என்பது கட்டுரை. “இவ்வூரில் இரண்டு பள்ளிக்கூடங்களே உள்ளன” என்பது தவறு, ஏனெனில் கட்டுரை அதனை மறுக்கிறது. “கடற்கரைத் தெருப் பள்ளியில்தான் மாணவர்கள் அதிகம்” என்பது கூறப்படவில்லை. பழைய பள்ளியில் மாணவர் அதிகம் இருப்பர் என்று நாமாக எண்ணிக்கொள்கிறோம். கட்டுரை அதனைச் சொல்லவில்லை.

கிதாபில் இல்லாததைக் கிதாபில் உண்டு என்று சொல்லாதே என்பது எங்கள் உஸ்தாதுமார் எங்களுக்குக் கற்பித்த முதல் ஒழுக்கம். இந்த வினாவுக்கும் அதுவே திறவுகோல் என்று கண்டபோது நான் வியந்தேன்.

எழுதுதல்

இங்கேதான் எங்கள் பிள்ளை இடறினாள். 60 நிமிடத்தில் இரண்டு பணிகள். முதலாவது, ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ செய்முறைப் படத்தையோ குறைந்தது 150 சொற்களில் விவரிப்பது. இதில் உங்கள் கருத்துக்கு இடமில்லை. படத்தில் காண்பதன் சாரத்தை முதலில் சொல்லி, முக்கியமான எண்களை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். இரண்டாவது, ஒரு பொதுப் பொருளைப் பற்றிக் குறைந்தது 250 சொற்களில் கட்டுரை. முதற்பணியைப் போல் இரு மடங்கு மதிப்பு இதற்கு உண்டு. ஆகவே முதலாவதற்கு 20 நிமிடம், இரண்டாவதற்கு 40 நிமிடம் என்று பகிர்ந்துகொள்ள வேண்டும்.

கட்டுரையை நான்கு அளவுகோல்களால் அளக்கின்றனர். கேட்ட கேள்விக்கு விடை கூறப்பட்டுள்ளதா, கருத்துகள் ஒன்றையொன்று தொடர்ந்து ஒழுங்காக வருகின்றனவா, சொல்வளம் எத்தகையது, இலக்கணம் எவ்வளவு சரியாகவும் பலவகையாகவும் அமைந்துள்ளது. நான்கிற்கும் சம மதிப்பு.

எங்கள் பிள்ளைக்கு வந்த வினா, பேருந்துப் பயணத்தை இலவசமாக்குவது அரசுப் பணத்தை நல்ல முறையில் செலவிடுவதாகுமா என்ற கருத்தில் அமைந்திருந்ததாம். அவளோ மனனம் செய்திருந்த வாகன நெரிசல் கட்டுரையை முதலிலிருந்து இறுதி வரை எழுதிவிட்டாள். நெரிசலின் காரணங்கள் அதில் இருந்தன. புகையின் தீமைகள் இருந்தன. கேட்ட கேள்விக்கு மட்டும் விடை இல்லை.

இதில் வேடிக்கை என்னவெனில், தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அவள் அந்தப் பயிற்சி நிலையத்திற்கு அன்றாடம் போய் வந்ததே அந்தப் பேருந்தில்தான். மிச்சமான பணத்தை அவள் அறிவாள். மீன் விற்கச் செல்லும் பெண்களும் கூலி வேலைக்குப் போகும் பெண்களும் அப்பேருந்தில் ஏறுவதை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். சில நேரங்களில் கை காட்டியும் பேருந்து நில்லாமல் போனதையும் அனுபவித்திருக்கிறாள். அந்த வினாவுக்கு விடை எழுத இந்த உலகில் அவளைவிடத் தகுதி வாய்ந்தவர் எத்தனை பேர் இருந்திருக்கக் கூடும்? தான் கண்டதை எழுதலாம் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. அப்படித் தோன்றாமல் போனதற்கு நானும் ஒரு காரணம்.

மனனத்தை நான் குறை கூறவில்லை. இறைவேதத்தை ஓரெழுத்தும் மாறாமல் நெஞ்சில் ஏந்துவது அமானிதம். மாறாமல் இருப்பதே அங்கே சிறப்பு. அது பிறிதோர் இடம். இத்தேர்வில் சோதிக்கப்படுவது, இதுவரை கேட்டிராத ஒரு கேள்விக்கு உங்கள் சொந்தச் சொற்களில் மறுமொழி கூறும் ஆற்றல். மனப்பாடக் கட்டுரையைத் தேர்வாளர்கள் எளிதில் இனங்கண்டுகொள்வர், மதிப்பெண்ணும் குறைந்துவிடும். மனனம் செய்யத் தக்கவை சொற்களும் அவற்றின் எழுத்துக்கூட்டும் சொற்சேர்க்கைகளும்தான். கட்டுரை முழுவதையும் மனனம் செய்வது பெரும் பிழை.

இரண்டாம் முறை ஆயத்தமானபோது நாங்கள் வேறு வழியைக் கையாண்டோம். அந்த 40 தலைப்புகளையும் வைத்துக்கொண்டு, கட்டுரைகளை ஒதுக்கிவிட்டோம். நாள்தோறும் ஒரு தலைப்பில் நான் ஒரு வினாவைத் தருவேன். மறுநாள் அதே தலைப்பில் ஒரே ஒரு சொல்லை மாற்றி வேறு வினா தருவேன். ‘காரணங்கள் யாவை’ என்பது ‘தீர்வுகள் யாவை’ என்றாகும். வினா மாறும்போது கட்டுரையும் மாறியாக வேண்டும் என்பது அவளுக்கு அதனால் பழகிற்று. எழுதத் தொடங்குமுன் 5 நிமிடம், ‘என் கருத்து என்ன? அதற்கு நான் கண்ட சான்று என்ன?’ என்று தமிழிலேனும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். எழுதியவற்றைக் கல்லூரி ஆங்கிலப் பேராசிரியை ஒருவர் வாரம் ஒருமுறை திருத்திக் கொடுத்தார். அவர் சிவப்பு மையிட்ட பிழைகளை ஒரு குறிப்பேட்டில் வரிசைப்படுத்தியபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. நூற்றுக்கணக்கான பிழைகள் என்று நாங்கள் அஞ்சியவை உண்மையில் ஆறேழு பிழைகளே. அவைதாம் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தன.

பேசுதல்

தேர்வாளர் ஒருவருடன் 11 முதல் 14 நிமிடம் வரை நேருக்கு நேர் பேச வேண்டும். உரையாடல் பதிவு செய்யப்படும். முதலில் ஊர், வீடு, படிப்பு பற்றிய எளிய கேள்விகள். அடுத்து ஒரு தலைப்பு எழுதிய அட்டையைத் தருவார்கள். 1 நிமிடம் சிந்தித்துவிட்டு 2 நிமிடம் வரை பேச வேண்டும். பின்னர் அத்தலைப்பை ஒட்டி ஆழமான கேள்விகள் வரும்.

பெரியவர்கள் கேட்டால் தலைகுனிந்து ஓரிரு சொல்லில் விடை கூறுவது நம் வீடுகளின் பண்பு. அப்பண்பு இந்த அறையில் மட்டும் நமக்குத் தடையாகிவிடும். “உங்கள் ஊர் உங்களுக்குப் பிடிக்குமா?” என்றால் “பிடிக்கும்” என்பதோடு நிறுத்தக் கூடாது. ஏன் பிடிக்கும், எது பிடிக்காது என்று இரண்டு மூன்று வாக்கியங்கள் சொல்ல வேண்டும். அங்கே விரிவாகப் பேசுவது மரியாதைக் குறைவாகாது என்பதைப் பெற்றோரே பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

உச்சரிப்பைக் குறித்தும் ஒரு சொல். ஆங்கிலேயரைப் போலப் பேசிக் காட்ட வேண்டியதில்லை. கேட்பவருக்குத் தெளிவாக விளங்க வேண்டும், அவ்வளவே. தஜ்வீது பயின்ற நம் பிள்ளைகளுக்கு இதில் ஓர் அனுகூலமும் உண்டு. மூன்று புள்ளியிட்ட ‘ஸா’வையும் புள்ளியிட்ட ‘தா’லையும் நாவின் நுனியை மேற்பற்களின் ஓரத்தில் வைத்து ஒலிக்க அவர்கள் சிறு வயதிலேயே கற்றிருக்கின்றனர். ஆங்கிலத்தில் ‘நன்றி’ சொல்லும்போதும் ‘இது’ என்று சொல்லும்போதும் தொடக்கத்தில் வருபவை ஏறத்தாழ அதே ஒலிகள்தாம். இவ்வொலிகளுக்காகப் பலர் தனிப்பயிற்சி பெறுகின்றனர். நம் பிள்ளைகளோ ஓதும்போது சரியாக ஒலித்துவிட்டு, ஆங்கிலத்தில் மட்டும் மறந்துவிடுகின்றனர். நினைவூட்டினால் போதும்.

முகத்திரை அணியும் சகோதரிகள், அடையாளச் சோதனைக்குப் பெண் ஊழியர் ஒருவரை ஏற்பாடு செய்யும்படி பதிவின்போதே தேர்வு மையத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது. தேர்வு நாளில் வாசலில் நின்று வாதிடும்போது மனம் கலங்கிவிடும்.

வீட்டார் செய்யத் தக்கவை

“எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது, நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று பல பெற்றோர் கேட்கின்றனர். என் தங்கை எட்டாம் வகுப்போடு நின்றவள். இரண்டாம் முறை ஆயத்தத்தில் மகளுக்கு மிகுதியும் உதவியவள் அவளே. இரவு உணவுக்குப்பின் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே அமர்வாள். “ஒரு நிமிடம் யோசி” என்பாள். பின்னர் “பேசு” என்பாள். மகள் இடையில் நின்றுவிட்டால், “இன்னும் முப்பது விநாடி இருக்கிறது, நிறுத்தாதே” என்பாள். மகள் பேசியதில் ஒரு வாக்கியமும் அவளுக்கு விளங்கியிராது. ஆனால் எங்கே தயங்கினாள், எங்கே ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள் என்பதை அவள் காது சரியாகக் கண்டுபிடித்தது. சவூதியிலிருந்து மச்சான் வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைக்கும்போது கால் மணி நேரம் மகளிடம் ஆங்கிலத்திலேயே பேசினார். இலக்கணம் இருவருக்கும் தடுக்கியது, கூச்சம் போயிற்று.

இன்னும் சில ஏற்பாடுகள் எவ்வீட்டிலும் இயலும். ஃபஜ்ருக்குப் பின் வீடு அமைதியாக இருக்கும் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைக்கு ஒதுக்குங்கள். பி.பி.சி. போன்ற வானொலிகளின் செய்தியை நாளும் அரைமணி நேரம் கேட்கட்டும். ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை வாய்விட்டுப் படிக்கட்டும். கேம்பிரிட்ஜ் வெளியிட்டுள்ள பழைய தேர்வுத் தொகுப்புகள் புத்தகங்களாகவே கிடைக்கின்றன. அதிகாரபூர்வ இணையத்தளங்களில் இலவச மாதிரித் தேர்வுகளும் உண்டு. பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுமுன் ஒரு மாதிரித் தேர்வை நேரம் வைத்து வீட்டில் எழுதிப் பார்த்தால், பிள்ளை எங்கே நிற்கிறது என்பது தெரியும். 5.5இல் நிற்கும் பிள்ளையை 15 நாளில் 7க்கு உயர்த்துவதாகச் சொல்பவரை நம்பாதீர்கள். மொழி பல மாதங்களில் வளரும் பயிர்.

ஒரு பிரிவில் மட்டும் குறைந்தால், கணினி வழித் தேர்வு எழுதியவர்கள் அந்த ஒரு பிரிவை மட்டும் மீண்டும் எழுதும் வசதி இப்போது உண்டு. எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதனை ஏற்பதில்லை. முதலில் கேட்டறிந்துகொள்ள வேண்டும். வேறு சில பல்கலைக்கழகங்கள், பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தில் பெற்ற மதிப்பெண்ணையோ ஆங்கில வழியில் பட்டம் படித்ததற்கான சான்றையோ ஏற்றுக்கொண்டு தேர்விலிருந்து விலக்களிக்கின்றன. மேற்கே மட்டுமே நோக்க வேண்டும் என்பதுமில்லை. 1983இல் தொடங்கப்பட்ட மலேசியாவின் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் அரபியும் பயிற்று மொழிகளாக உள்ளன.

குறுக்கு வழி வேண்டாம்

“தேர்வே எழுத வேண்டாம், சான்றிதழ் தருகிறோம்” என்று கூறும் ஆட்களும் நம் ஊர்களுக்கு வருகின்றனர். பல்கலைக்கழகங்கள் தேர்வு முடிவை மூலத்திலேயே சரிபார்த்துக்கொள்கின்றன என்பதை இவர்கள் சொல்வதில்லை. பிரிட்டனில் ‘டோயிக்’ என்னும் ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடந்ததை 2014ஆம் ஆண்டு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அம்பலப்படுத்தியது. அதனைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் விசாக்கள் ரத்தாயின. நேர்மையாகத் தேர்வெழுதிய பலரும் அந்த வலையில் சிக்கி, தம் மீது படிந்த களங்கத்தைத் துடைக்கப் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறினர். சிலருடைய மோசடிக்குப் பலர் விலை கொடுத்தனர்.

பொய்ச் சான்றுடன் அங்கே போய்ச் சேர்ந்தாலும் பயன் என்ன? முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் பேசுவது விளங்காவிட்டால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

இரண்டாம் முறை

எங்கள் பிள்ளை ஐந்து மாதப் பயிற்சிக்குப் பின் மீண்டும் எழுதினாள். எழுதுதல் பிரிவில் 6.5 கிடைத்தது, மற்றவற்றிலும் குறைவில்லை. அல்ஹம்து லில்லாஹ். இம்முறை தங்கை இனிப்பு அனுப்பவில்லை. பல்கலைக்கழகத்தின் கடிதத்தை எடுத்து வரச் சொல்லி, நிபந்தனையின் இரண்டு வரிகளையும் என்னை வாய்விட்டுப் படிக்கச் செய்து, ஒவ்வோர் எண்ணையும் விரல் வைத்துச் சரிபார்த்த பின்புதான் அடுப்பில் சட்டியை ஏற்றினாள்.

அங்கே சென்று சில வாரங்களுக்குப் பின் அவள் பேசினாள். வகுப்பில் ஒரு விவாதமாம். ஏழைகளின் போக்குவரத்துச் செலவுக்கும் மருத்துவமனைக்குச் செல்வதற்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேச்சு வந்தபோது, எழுந்து நின்று நம் ஊர்ப் பேருந்தைப் பற்றிச் சொன்னாளாம். பேராசிரியர் அதனைக் குறித்துக்கொண்டாராம். “மாமா, நான் எதையும் மனப்பாடம் செய்து சொல்லவில்லை” என்றாள். எனக்குச் சொல்ல வேண்டியதைத்தான் அவள் சொன்னாள்.

பிள்ளைகளை இவ்வழியில் அனுப்ப எண்ணியிருக்கும் பெற்றோரே! இன்றே பிள்ளையுடன் அமர்ந்து, விரும்பும் பல்கலைக்கழகம் கேட்கும் எண்களைப் பிரிவு வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் கடிகாரத்தைக் கையில் எடுங்கள். நம் பிள்ளைகளின் முயற்சிகளுக்கு வல்ல இறைவன் நற்பயனை அளிப்பானாக. ஆமீன்.